பால் வற்றும் முன்னே ரத்தம் பாருங்கள்!

உண்ணியும் ஈயும் கொசுவும் பரப்பும் நோய்களால் கறவை மாடுகள் சாய்கின்றன. மருந்து இருக்கிறது. தடுப்பூசி இருக்கிறது. நூறாண்டு கடந்த ஆராய்ச்சியும் இருக்கிறது. அவை கொட்டகைக்கு வந்து சேராததுதான் குறை.

விடிகாலை நாலரை மணி. ஐந்தரைக்குள் சொசைட்டியில் பால் ஊற்றியாக வேண்டும். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிட்டு, மடியைக் கழுவக் கை வைக்கிறார் அந்தப் பெண்மணி. தொடை இடுக்கில் ஏதோ விரலில் தட்டுப்படுகிறது. காய்ந்த திராட்சை அளவு இருக்கும். பிய்த்துத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்க்கிறார். கறுத்த ரத்தம் தரையில் இழுபடுகிறது. வாலடியில் நாலைந்து, காதுமடலுக்குள் ஏழெட்டு, அலைதாடி மடிப்பில் பொடிப்பொடியாக இன்னும் எத்தனையோ. எல்லாவற்றையும் பிடுங்க நேரமில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

இரண்டு வாரம் போகிறது. அதே மாடு ஒரு நாள் காலையில் அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வேளைக்கு எட்டு லிட்டர் கறந்தது மூன்று லிட்டரில் நிற்கிறது. உடம்பு கொதிக்கிறது. தோள்பட்டைக்கு முன்னால் தடவிப் பார்த்தால் உருண்டையாக நெறி கட்டியிருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து ஊசி போடுகிறவர் வருகிறார். காய்ச்சலுக்கு ஒரு ஊசி, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாடு கழுத்தை நீட்டி மூச்சு வாங்குகிறது. கீழிமையை விலக்கினால் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. வெளுப்பின் நடுவே ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். அதற்குப் பிறகு ஓடிப்போய்ச் சரியான மருந்தையே வாங்கிவந்தாலும் மாடு எழுவது நிச்சயமில்லை.

கலப்பினக் கறவை கட்டியிருக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒரு மாட்டின் கதை உண்டு. 'திடீர்னு விழுந்துடுச்சு' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது திடீரென்று விழவில்லை. உண்ணி கடித்த நாளிலிருந்து நோய் படிப்படியாக ஏறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும். அந்த ஒரு சொட்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மூன்று நோய், மூன்று வைத்தியம்

நம் ஊர் மாடுகளை உண்ணி வழியாகத் தாக்கும் நோய்களில் மூன்று முக்கியமானவை: தைலேரியோசிஸ், பெபிசியோசிஸ், அனாப்ளாஸ்மோசிஸ். மூன்றிலும் காய்ச்சல் வரும், பால் குறையும், ரத்தம் சுண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நடப்பது வேறு வேறு.

மேலே சொன்ன மாட்டைத் தாக்கியது தைலேரியா அனுலேட்டா என்னும் ஒட்டுண்ணி. இந்தியாவில் இதைப் பரப்புவது ஹயலோமா என்ற வகை உண்ணி. மாட்டின் உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே இது குடிபுகுந்து, அவற்றைப் புற்றுநோய் அணுக்களைப்போல ஓயாமல் பெருகவைக்கிறது. நெறி கட்டுவது அதனால்தான். பிறகு சிவப்பணுக்களிலும் நுழைகிறது, ரத்தசோகை முற்றுகிறது. இதற்கு உரிய மருந்து புபார்வகுவோன். நோயின் தொடக்கத்திலேயே போட்டால் மாடு பிழைக்கும். நாள் கடத்தினால் நுரையீரலில் நீர் கோத்து, மருந்து வேலை செய்வதற்குள் மாடு போய்விடும்.

பெபிசியா நேராகச் சிவப்பணுக்களை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் நிறம் சிறுநீரில் இறங்குவதால் மாடு காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் மூத்திரம் பெய்யும். டிமினாசின் அல்லது இமிடோகார்ப் ஊசி இதைக் கட்டுப்படுத்தும். அனாப்ளாஸ்மாவோ பாக்டீரியா இனம். மூத்திரம் சிவக்காது, கண்ணும் ஈறும் மஞ்சள் பூக்கும், சாணம் இறுகும். ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுக்க வேண்டும். உண்ணி மட்டுமல்ல, கடிக்கும் ஈக்களும், ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போடும் கையும்கூட இதைப் பரப்பும்.

ஆக, குத்துமதிப்பாகப் போடும் ஊசி என்ன செய்யும்? அனாப்ளாஸ்மாவுக்கான ஆன்டிபயாடிக், முற்றிய தைலேரியாவைக் குணமாக்காது. தைலேரியாவுக்கான ஊசி, பெபிசியாவை அடக்காது. பணமும் போய், அதைவிட மேலாக இரண்டு மூன்று நாளும் போய்விடும். இந்த நோய்களில் மாட்டின் உயிர் அந்த இரண்டு மூன்று நாளில்தான் இருக்கிறது.

பெட்டிச் செய்தி 1: எது எந்த நோய்?

■ தைலேரியோசிஸ்: இறங்காத காய்ச்சல், தோளுக்கு முன்னும் தொடைக்கு மேலும் நெறி கட்டுதல், மூச்சு வாங்குதல், இமையின் உள்ளே சிவப்புப் புள்ளிகள்.
■ பெபிசியோசிஸ்: கடும் காய்ச்சல், காப்பி நிறச் சிறுநீர், வேகமாக வெளுக்கும் ஈறுகள்.
■ அனாப்ளாஸ்மோசிஸ்: ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மலச்சிக்கல். சிறுநீரில் சிவப்பு இருக்காது.
■ மூன்றுக்கும் பொது: பசியின்மை, பால் குறைதல், சினை மாடானால் கன்று விசிறும் அபாயம்.
■ ஒரே மாட்டில் இரண்டு நோய்கள் சேர்ந்தும் வரலாம். அறிகுறி சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்வது ரத்தப் பரிசோதனை.

ஒரு கண்ணாடித் தகடு போதும்

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மாட்டின் காதைத் திருப்பி, விளிம்பில் முடியை மழித்து, சாராயம் தொட்டுத் துடைத்து, மெல்லிய ரத்தக்குழாயில் ஊசியால் குத்துகிறார் மருத்துவர். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைக் கண்ணாடிச் சிலைடின் ஓரத்தில் தொட்டெடுக்கிறார். இன்னொரு சிலைடைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பில் ரத்தத்தைப் பரப்புகிறார். சரியாக இழுத்த ஸ்மியர் முனையில் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி தெரியும். காற்றில் உலரவைத்து, மெத்தனாலில் நனைத்து, ஜீம்சா சாயத்தில் அரைமணிபோல் ஊறவிட்டுக் கழுவினால் தகடு தயார்.

எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்பின் பெரிய லென்ஸில் பார்த்தால் நோய் தன்னை மறைத்துக்கொள்ள வழியில்லை. சிவப்பணுவுக்குள் நுனி கூரான இரண்டு பேரிக்காய் வடிவங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நின்றால் பெபிசியா. அணுவின் விளிம்பை ஒட்டிக் கரும்புள்ளி ஒன்று குத்தினாற்போல் இருந்தால் அனாப்ளாஸ்மா. சின்னஞ்சிறு மோதிரமும் காற்புள்ளியுமாகத் தெரிந்தால் தைலேரியா. வீங்கிய நெறியில் ஊசி செருகி எடுத்த நீரைப் பார்த்தால், தைலேரியா குடியேறிய வெள்ளணுக்கள் நீலத் திட்டுகளோடு நிற்கும். சிலைடு, சாயம், மைக்ரோஸ்கோப், பார்க்கப் பழகிய ஒரு ஜோடிக் கண். தேவை இவ்வளவுதான்.

நோயிலிருந்து தேறிய மாட்டின் ரத்தத்தில் கிருமி மிகக் குறைந்த அளவில் நெடுநாள் தங்கியிருக்கும். ஸ்மியரில் அது சிக்காமல் போகலாம், அங்கே பி.சி.ஆர். பரிசோதனை கைகொடுக்கும். சந்தையில் கொழுகொழுவென்று நிற்கும் மாடு இப்படிப்பட்ட ஒரு 'கேரியர்' ஆக இருக்க முடியும். ஈரோடு கருங்கல்பாளையத்திலோ பொள்ளாச்சியிலோ அதை வாங்கி நம் கொட்டகையில் கட்டினால், நம் சுவரிடுக்கு உண்ணிகள் அதன் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் பக்கத்து மாட்டுக்குத் தாவும்.

மலேரியாவுக்கு முன்பே தெரிந்த உண்மை

உண்ணி நோய் பரப்பும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு புதிர் இருந்தது. தெற்கே டெக்சாஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நலமாகவே இருந்தன. அவை நடந்துபோன மேய்ச்சல் நிலத்தில் பின்னர் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தியோபால்ட் ஸ்மித்தும் எஃப். எல். கில்போர்னும் பட்டிகளை அமைத்துச் சோதித்தார்கள். ஒரு பட்டியில் உண்ணியோடு கூடிய தெற்கத்தி மாடுகள். இன்னொன்றில் உண்ணிகளைக் கையாலேயே பிடுங்கி நீக்கிய தெற்கத்தி மாடுகள். வேறொன்றில் தெற்கத்தி மாடே இல்லை. மேய்ச்சல் நிலத்தில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள். உண்ணி இருந்த இடத்தில் வடக்கத்தி மாடுகள் நோயுற்றன. உண்ணி இல்லாத இடத்தில் பிழைத்தன. ரத்தத்தில் பெபிசியாவும் கண்டறியப்பட்டது. 1893-ல் இந்த முடிவு வெளியானபோது, கொசுவுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டறிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பூச்சியினம் வழியே நோய் பரவும் என்ற பாடத்தை மனித வைத்தியம், கால்நடை வைத்தியத்திடமிருந்தும் கற்றது.

பெட்டிச் செய்தி 2: ஆராய்ச்சியின் மைல்கற்கள்

■ 1880: பஞ்சாபில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்ற 'சர்ரா' நோய்க்குக் காரணமான டிரிபனோசோமாவை கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். பரப்புவது கடிக்கும் மாட்டு ஈ.
■ 1893: டெக்சாஸ் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று ஸ்மித், கில்போர்ன் நிறுவினர்.
■ 1906: அமெரிக்காவில் மாட்டு உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1943-க்குள் மெக்சிகோ எல்லையோரப் பட்டை தவிர மற்ற பகுதிகளிலிருந்து அந்த உண்ணி நீக்கப்பட்டது.
■ 1910: நாய்களைத் தாக்கும் பெபிசியா கிப்சோனியை பேட்டன் முதன்முதலில் விவரித்தார். அவர் பார்த்தது மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்தில். இன்றும் சென்னை நாய்களுக்கு வரும் நோய் இது.
■ 1957: கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்ததைத் தொடர்ந்து கியாசனூர் காட்டு நோய் கண்டறியப்பட்டது.
■ 2022: தோல் கழலை நோய்க்கான 'லம்பி புரோவாக் இண்ட்' தடுப்பூசியை ஹிசார், இஸத்நகர் ஆராய்ச்சி நிறுவனங்கள் உருவாக்கின.

பால் பெருகியது, பாதுகாப்பு பெருகவில்லை

2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். அவற்றில் 5 கோடிக்கு மேற்பட்டவை கலப்பினமும் அயலினமும். தமிழ்நாட்டிலோ மாடுகளில் பெரும்பகுதி கலப்பினம்தான். ஜெர்சியும் ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியனும் கலந்த மாடுகளால் வீட்டுக்கு வீடு பால் வருமானம் வந்தது உண்மை. அதே கலப்பு, உண்ணி நோய்க்கு எளிதில் இரையாகும் உடலையும் கொண்டுவந்தது.

ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சாஹிவால் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டைன் கன்றுகளுக்கும் ஒரே அளவு தைலேரியா செலுத்தப்பட்டது. இரண்டுக்குமே நோய் வந்தது. சாஹிவால் கன்றுகள் வைத்தியம் இல்லாமலே தேறின. ஹோல்ஸ்டைன் கன்றுகள் தாக்குப்பிடிக்கவில்லை. திமில் உள்ள நாட்டினத் தோலில் உண்ணிகள் தரித்து நிற்பதும் குறைவு. உண்ணியோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து பெற்ற வலு அது.

கலப்பின மாட்டை வாங்கிய குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்கிக் கடன், மானியம், சினை ஊசி, பால் கொள்முதல் என்று அந்தப் பாதையில் அவர்களை அழைத்துவந்தது திட்டங்கள்தான். அதிகப் பால் தரும் உடலைக் கொடுத்தவர்கள், அந்த உடலுக்கு வேண்டிய நோய்க் கண்காணிப்பையும் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ கொடுத்து வாங்கிய மாடு செத்தால் நஷ்டம் மாட்டோடு நிற்பதில்லை. தவணை நிற்காது. வாரம் தவறாமல் வந்த பால் பணம் நிற்கும். மகளிர் குழுக் கடன், பள்ளிக் கட்டணம், மளிகைக் கடை பாக்கி எல்லாம் அந்தப் பணத்தை நம்பியே ஓடுகின்றன. காப்பீடு எடுத்திருந்தாலும் காதுவில்லை, பிரேதப் பரிசோதனைச் சான்று என்று அலைய வேண்டும். காதுவில்லை அறுந்து விழுந்திருந்தால் அதுவும் சிக்கல். பிழைத்த மாட்டுக்கும் அந்த ஈத்தில் பழைய கறவை திரும்புவது அரிது. பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். சாவுக் கணக்கில் ஏறாத இந்த நஷ்டத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. சுமக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள்.

மருந்துக்கு அடங்காத உண்ணி

'மருந்தடிச்சும் உண்ணி போகலீங்க' என்பது இப்போது எங்கும் கேட்கும் புலம்பல். அது உண்மையும்கூட. பெபிசியாவைப் பரப்பும் ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் உண்ணியிடம் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் உருவாகியிருப்பதை இஸத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் பல மாநிலப் பல்கலைக்கழகங்களும் தொடர்ந்து பதிவுசெய்துவருகின்றன.

எதிர்ப்பு எப்படி வருகிறது? வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். மருந்தை அளவு குறைத்துக் கலக்கினால் பலவீனமான உண்ணிகள் சாகும். தாங்கும் வலு உள்ளவை பிழைத்து முட்டையிடும். நம் வெப்பத்தில் ஓராண்டிலேயே பல தலைமுறைகள் பெருகும். ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் மிஞ்சுவது அந்த மருந்தைத் தாங்கும் கூட்டம்தான். அளவுச் சாடி இல்லாமல் மூடியால் ஊற்றுவது, முதுகில் மட்டும் தெளித்துத் தொடை இடுக்கையும் காதையும் விட்டுவிடுவது, மாட்டுக்கு அடித்துவிட்டுக் கொட்டகையை மறப்பது எல்லாமே உண்ணிக்குத்தான் உதவுகின்றன.

ஸ்ப்ரே பலிக்காதபோது ஐவர்மெக்டின் ஊசிக்குத் தாவுகிறார்கள். அந்த மருந்து பாலில் இறங்கும்; அதனால்தான் பல நாடுகள் கறவை மாட்டுக்கு அதைத் தடுத்திருக்கின்றன. கறவையை நிறுத்தாமல் போட்டால் மருந்தின் எச்சம் நம் வீட்டுக் குழந்தையின் டம்ளர் வரைக்கும் வரும். ஐவர்மெக்டினுக்கும் அடங்காத உண்ணிகள் வரத் தொடங்கிவிட்டன. புதிய மருந்தைத் தேடிக்கொண்டே ஓடுவது இந்தச் சிக்கலுக்கு விடையாகாது.

உண்ணியின் வாழ்க்கையை நுணுகிப் படித்த ஆய்வுகள் வேறு வழிகளைக் காட்டுகின்றன. ஹயலோமா கடித்த உடனே தைலேரியாவைச் செலுத்திவிடுவதில்லை. அது ரத்தம் குடிக்கத் தொடங்கிய பின்தான் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி முதிர்கிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே தினமும் உண்ணியைப் பார்த்து நீக்கும் வழக்கமே பெரிய தடுப்பு. குட்டி உண்ணிகள் கீழே இறங்கிச் சுவர் வெடிப்புகளில் தோலுரித்து வளர்கின்றன. துனீசியாவில் கொட்டகைச் சுவர்களைப் பூசி வெடிப்பில்லாமல் செய்தே இந்த நோயைக் கட்டுப்படுத்தும் வழியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டை சிமென்டும் ஒருநாள் கூலியும், வருடம் முழுக்க வாங்கும் மருந்தைவிட மலிவு.

பெட்டிச் செய்தி 3: இன்றே செய்யக்கூடியவை

■ தினமும் கறவைக்குப் பின் காது, அலைதாடி, தொடை இடுக்கு, மடி, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள்.
■ உண்ணியை வெறும் கையால் நசுக்காதீர்கள். கையுறை போட்டு எடுத்து, மண்ணெண்ணெய் அல்லது சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போடுங்கள்.
■ லேபிளில் உள்ள அளவிலேயே மருந்தைக் கலக்குங்கள். மாட்டுக்கு அடிக்கும் அன்றே சுவர், தீவனத் தொட்டியின் அடி, தரை இடுக்கு எல்லாவற்றுக்கும் தெளியுங்கள். மாடு நக்கிவிடாமல் பாருங்கள்.
■ சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். சாணத்தைக் கொட்டகை ஓரம் குவிக்காதீர்கள், ஈ பெருகும்.
■ புதிதாக வாங்கிய மாட்டைத் தனியே கட்டி, உண்ணி நீக்கி, ரத்தம் பரிசோதித்த பிறகே மந்தையில் சேருங்கள்.
■ காய்ச்சலோடு நெறி கட்டினாலோ, சிறுநீர் நிறம் மாறினாலோ அன்றே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அவசரத்துக்கு 1962.
■ ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை அடுத்த மாட்டுக்குக் குத்த விடாதீர்கள்.

தடுப்பூசி எங்கே நிற்கிறது?

தைலேரியாவுக்கு 'ரக்‌ஷாவாக்-டி' என்ற தடுப்பூசி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. கலப்பினக் கன்றுகளுக்கு இரண்டு மாத வயதுக்கு மேல் போடலாம். உயிருள்ள, வலுவிழந்த கிருமியைக் கொண்ட ஊசி என்பதால் அதைத் திரவ நைட்ரஜனிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். வெளியே எடுத்தால் சீக்கிரம் போட்டுவிட வேண்டும். ஊர் மருந்தகங்களுக்கு அது எளிதில் வராததற்கு இதையே காரணம் சொல்கிறார்கள்.

இந்தக் காரணத்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளும் அதே திரவ நைட்ரஜனில்தான் வருகின்றன. மூலைமுடுக்குக் கிராமத்துக்கும் நைட்ரஜன் குடுவையோடு பைக்கில் ஆள் போகிறார். மாட்டைப் பெருக்கும் விந்துக்குப் போட்ட பாதை, அந்த மாட்டைக் காக்கும் தடுப்பூசிக்கு மட்டும் ஏன் அடைபட வேண்டும்?

ஆடுகளின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தென்மாவட்டச் செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்புவது கியூலிக்காய்டஸ் என்னும் பொடிப்பூச்சி. மழைநீர் தேங்கிய சேற்றிலும் சாண ஈரத்திலும் அது பெருகும். வாய் வெந்து, உதடு வீங்கி, குளம்பு நொந்து ஆடுகள் சுருண்டு விழும். 1997-98-ல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பரவிய இந்த நோய் ஆட்டுக்காரர்களை உலுக்கியது. ஒரே நோய்க்கு வைரஸில் பல வகைகள் என்பதால் ஒரு வகைக்கான ஊசி இன்னொன்றுக்குப் பயன்படாது. பல மாநில ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் வைரஸ்களைச் சேகரித்து வகை பிரித்தன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இந்தப் பணியில் பங்கேற்றது. அதன் பலனாக 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி 2015-ல் வந்தது. எந்த வைரஸ் எங்கே சுற்றுகிறது என்று பொறுமையாகப் பார்த்துவைத்ததால் வந்த ஊசி அது. கண்காணிப்பு இல்லாமல் தடுப்பூசி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

உண்ணியையே எதிர்க்கும் தடுப்பூசியும் சாத்தியம். உண்ணியின் குடலில் உள்ள ஒரு புரதத்தைக் கொண்டு ஆஸ்திரேலியாவும் கியூபாவும் 1990-களிலேயே அப்படி ஊசி தயாரித்தன. மாட்டின் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணி, அதிலுள்ள எதிர்ப்புப் பொருளால் குடல் சிதைந்து முட்டையிட முடியாமல் போகும். நம் நாட்டு உண்ணிகளுக்கேற்ற ஊசிக்கான ஆய்வு இங்கேயும் நடக்கிறது.

2022 சொன்ன எச்சரிக்கை

1929-ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதலில் பார்த்த தோல் கழலை நோய், 2019-ல் ஒடிசா வழியாக இந்தியாவில் தலைகாட்டியது. 2022-ல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் சூறையாடியது. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. உடலெங்கும் கழலை வெடித்த மாடுகள் தெருவோரம் கிடந்த படங்களை நாடே பார்த்தது. இந்த வைரஸ் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றின் வாய்ப்பகுதியில் ஒட்டிக்கொண்டே ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போகிறது. உடனடியாகக் கையிலிருந்தது ஆட்டம்மைத் தடுப்பூசிதான். அதைப் போட்டே பல மாநிலங்கள் சமாளித்தன.

முதல் நோய்க்கும் பெருஞ்சாவுக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் செய்திருக்க வேண்டிய தடுப்பூசிப் பணியை, நோய் வாசலுக்கு வந்த பின் மூன்று மாதத்தில் செய்ய ஓடினோம். ஈயும் கொசுவும் பரப்பும் நோய்க்கு மாவட்ட எல்லையில் சோதனைச்சாவடி போட்டுப் பயனில்லை.

கொட்டகைக்கு வெளியே

உண்ணி மாட்டோடு நிற்பதில்லை. குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் 23 சிங்கங்கள் செத்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸும், உண்ணி பரப்பும் பெபிசியாவும் சேர்ந்து சிக்கின. தான்சானியாவின் செரெங்கேட்டியில் 1994-ல் இதேபோல மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் மடிந்தன. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: வறட்சியில் மெலிந்த காட்டெருமைகள்மேல் உண்ணிகள் மொய்த்தன. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்குப் பெபிசியா ஏறியது. அந்த நேரத்தில் வைரஸும் தாக்க, இரண்டும் சேர்ந்து கொன்றன. மழை பொய்த்ததற்கும் சிங்கம் செத்ததற்கும் நடுவே உண்ணி நின்றது.

கியாசனூர் காட்டு நோயைக் குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள். சிமோகாவில் தொடங்கிய அது 2012-13-ல் பந்திப்பூரை ஒட்டிய ஊர்களில் மனிதர்களைத் தாக்கியது. நீலகிரியில் இறந்த குரங்குகளிடமும் வைரஸ் கண்டறியப்பட்டது. பிறகு வயநாட்டிலும் மனிதர்கள் இறந்தனர். காட்டில் மேயும் மாடுகள் இந்த வைரஸைப் பெருக்குவதில்லை. வைரஸைச் சுமக்கும் உண்ணியைப் பெருக்குகின்றன. முதிர்ந்த உண்ணிகளுக்கு ரத்தம் கொடுப்பது அவைதான். காட்டோரத்தில் மாட்டு உண்ணியைக் கட்டுப்படுத்துவது, சருகு பொறுக்கவும் விறகு எடுக்கவும் காட்டுக்குள் போகும் பழங்குடி மக்களின் உயிரைக் காக்கும் வேலையும் ஆகும்.

2011-ல் குஜராத்தில் கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதியானது. நோயாளி மட்டுமல்ல, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரும் செவிலியரும் இறந்தார்கள். பரப்புவது நம் மாட்டுக் கொட்டகையில் இருக்கும் அதே ஹயலோமா இனம். மாட்டுக்கு நோயே தெரியாது. ஆனால் அதன் ரத்தத்தில் தடயம் இருக்கும். மாட்டின் ரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதிக்கும் நாடு, மனிதருக்கு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ளும்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

இத்தனை ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: ஊர்க் கால்நடை மருந்தகத்தின் மேசை. அங்கே ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்பும் தீர்ந்துபோகாத சாயமும் ஸ்மியர் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆய்வக உதவியாளரும் இருந்தால், முதல் நாளே சரியான ஊசி போடலாம். ஒரே மருத்துவர் பல ஊர்களைப் பார்த்துக்கொண்டு, சினை ஊசியும் தடுப்பூசி முகாமும் கணக்கு எழுதுவதுமாக ஓடிக்கொண்டிருந்தால், ஸ்மியர் பார்க்க அவருக்கு நேரம் எங்கிருந்து வரும்? ஆளைக் கூட்டாமல் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி ஒவ்வொன்றிலும் மைக்ரோஸ்கோப் வேண்டும். மாவட்டம்தோறும் உண்ணிகளைச் சேகரித்து, எந்த மருந்துக்கு அவை அடங்குகின்றன என்று சோதித்து, ஆண்டுதோறும் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். சினை ஊசி போடச் செல்லும் நைட்ரஜன் குடுவையிலேயே தைலேரியா தடுப்பூசியும் வர வேண்டும். கடனிலும் மானியத்திலும் மாடு வாங்கும்போது ரத்தப் பரிசோதனைச் சான்று கட்டாயமாக வேண்டும். செத்த மாட்டுக்கு இழப்பீடு தரும் அரசு, அதில் ஒரு பங்கைச் சாகாமல் காக்கும் பரிசோதனைக்குச் செலவிடட்டும். பால் கூட்டுறவுகளும் இதில் பங்கெடுக்க வேண்டும். கொழுப்பையும் சத்தையும் அளந்து விலை போடும் சொசைட்டியால், பால் திடீரென்று குறைந்த மாடு எது என்பதை முதலில் கவனிக்க முடியும். மருத்துவருக்குச் சொல்லவும் முடியும்.

விவசாயியும் தன் பங்குக்கு ஒன்றைக் கேட்கப் பழக வேண்டும். காய்ச்சல் மாட்டுக்கு ஊசியை எடுக்கும் எவரிடமும், 'முதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க' என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. ஒரு மாட்டின் உயிருக்கும், அதை நம்பி ஓடும் குடும்பத்துக்கும், அந்தப் பாலைக் குடிக்கும் நமக்கும் உள்ள உரிமை அது. கிராமசபையில், பால் சொசைட்டி பேரவைக் கூட்டத்தில், கால்நடை முகாமில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழட்டும். கேட்கிறவர்கள் பெருகினால் மருந்தக மேசைக்கு மைக்ரோஸ்கோப் வந்தே தீரும்.